விலை இல்லை, பெட்டி கொண்டுவரவும்

புதன்கிழமை, விடியாத நாலே முக்காலுக்கு
டோரீன் கூவினாள்.

கூவினாள் என்று எழுதுவது பிழை.
அன்றிலிருந்து அவள் அவன்.
ஐந்து மாதம் கூப்பிட்ட பேரை
ஒரு கூவலுக்காக எப்படி மாற்றுவது?
பெட்டைக்குஞ்சு என்று சத்தியம் செய்துதான்
செருப்புப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள்.

போர்ட் சால்மர்ஸில் ஜூலை என்பது
குழாயில் தண்ணீர் உறையும் மாதம்.
கொண்டை வெடிக்காமல் இருக்க
ஒவ்வொரு தலைக்கும் வாஸலின் தடவுவேன்,
பள்ளிக்கு அனுப்புகிறவள் போல.
ஓட்ஸ் கஞ்சியின் அடிப்பிடித்ததைச் சுரண்டும் சத்தத்துக்கு
பஸ்ஸைத் தவறவிட்டவர்களின் ஓட்டம் ஓடிவரும் ஐந்தும்.
ஹில்டா, தபால்காரரின் பூட்ஸ் கயிற்றைப் புழு என்று நம்புவாள்.
தினமும் ஏமாறுவாள்.
தினமும் நம்புவாள்.
பழுப்புக்காரி என் கம்பளிச் சட்டைக் கூடையில் முட்டையிடுவாள்.
எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொள்வேன்.
வீட்டில் அன்றைய முதல் சூடு அதுதான்.

பக்கத்து வீட்டு க்ளெனிஸ் இரவுப்பணி நர்ஸ்.
அவள் கண் மூடுவதும் டோரீன் வாய் திறப்பதும்
ஒரே நேரம்.
வேலிக்கு மேல் தலை தெரிந்தது.
"நான் புகார் சொல்லவில்லை" என்றாள்,
புகாரைவிடக் கனமாக.

கூரை தாழ்ந்தால் கழுத்து நீளாது,
கழுத்து நீளாவிட்டால் குரல் எழாது என்றார்கள்.
துணி துவைக்கும் அறையில், போர்வை மூடிய பெட்டியில்
மூன்று வாரம் படுக்கவைத்தேன்.
குரல் குனிந்து வெளியே வந்தது,
வாஷிங் மெஷினுக்குள் யாரோ மாட்டிக்கொண்டதுபோல்.

கடைக் கண்ணாடியில் ஒட்டினேன்:
சேவல். நல்ல குணம். பேர் டோரீன்.
விலை இல்லை, பெட்டி கொண்டுவரவும்.
சட்டிக்கு அல்ல.

முதலில் அழைத்தவர் நேர்மையானவர்:
"சட்டிக்குத்தான்."
இரண்டாமவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை,
அது இன்னும் பயமாக இருந்தது.
மூன்றாவது ஒரு சிறுவன்,
அம்மாவுக்குக் கேட்காத குரலில்.
நாலாவது ஹோனே, மலைக்கு அந்தப்பக்கம்.
அவர் சேவலை நாய் பிடித்துவிட்டது.
பத்தொன்பது பெட்டைகள், அதட்ட ஆளில்லை.
"டோரீன் என் அத்தை பேர்," என்றார்.
"அவளும் யாரையும் தூங்கவிட மாட்டாள்."

இருட்டிய பின் போனோம்.
ஆப்பிள் பெட்டி என் மடியில்.
ஓட்டைவழி விரல் நீட்டினேன்,
அவன் கொத்தவில்லை.
அதற்குத்தான் கண் கலங்கியது,
வேறெதற்கும் இல்லை.

"இருட்டில் கம்பில் ஏற்றிவிட்டால்
காலையில் எப்போதும் அங்கேயே இருந்ததாக நினைக்கும்,
கோழிக்கு நினைவு குறைவு" என்றேன்,
எனக்கே சொல்லிக்கொள்வதுபோல்.
"நினைவெல்லாம் உண்டு" என்றார் ஹோனே.
"கேட்டுத் தொல்லைப்படுத்தாத நாசூக்கும் உண்டு."

கைவிளக்கின் சிவப்பில்
பத்தொன்பது முதுகுகள்.
ஒருத்தி ஒரு கண்ணைத் திறந்தாள், மூடினாள்.
ஒரு விரற்கடை நகர்ந்தாள்.

ஒன்பது நாள் நிசப்தம்.
பத்தாம் நாள் க்ளெனிஸ், சீருடையோடு,
வாசலில், இரண்டு பெட்டிகளோடு.
அவள் வார்டில் ஒருத்தி,
இனி வீட்டுக்குத் திரும்பப் போவதில்லை.
"கூவாது. பின்பக்கம்வரை பார்த்துவிட்டேன்" என்றாள்.
பார்த்தால் என்ன தெரியும் என்று
நான் கேட்கவில்லை.

இருட்டியதும் இருவருமாக ஏற்றினோம்.
விடிந்ததும் ஹில்டா
புதியவளின் கொண்டையை நறுக்கென்று கொத்தினாள்.
நாசூக்கு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

ஹோனேவிடம் இதைச் சொல்லப் போன் செய்தேன்.
அவர் பேசுமுன், எங்கோ பின்னால்,
ஒரு முழுக் கழுத்தின் நீளத்துக்கு,
டோரீன்.

போனை வேலிப்பக்கம் நீட்டிப் பிடித்தேன்.
ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது.